கிழிக்காத தாள்

1897 ஜூன் 14, திங்கள்

மழை காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு ஓய்ந்தது. ஆற்றுத்துறையில் இன்று காலை ஸ்பானியர் பதுங்கியிருந்து தாக்கினர். அரிசி கொண்டுவரச் சென்ற எங்கள் பன்னிருவரில் ஒன்பது பேர் இறந்தனர். அரிசி முழுவதும் போயிற்று. இறந்தவர்களில் கர்னல் ருபெர்தோவின் தம்பியும் ஒருவர். இந்தப் படையின் சட்ட அலுவலன் என்ற முறையில் பெயர்ப் பட்டியலை இன்றே எழுதி முடித்து ஜெனரலிடம் கொடுத்தேன்.

ஜெனரல் லாசரோ மக்சினோ காய்ச்சலோடு இருக்கிறார், அதை ஒப்புக்கொள்வதில்லை. பட்டியலைத் தாமே படிக்க முனைந்தார். அவருக்குப் படிப்பு மெதுவாகத்தான் வரும். போருக்கு முன் நில அளவைக்காரர்களிடம் சங்கிலி பிடித்தவர். ஒவ்வொரு பெயரின்மேலும் விரலை வைத்து ஒன்பதையும் படித்தார். நான் உதவ முன்வந்தபோது கையசைத்து விலக்கினார். படித்தவன் என்பதால் என்னை ‘டோன்’ என்று மரியாதையோடு அழைப்பார்.

“நேரம் தெரிஞ்சு வந்து உக்காந்திருக்கான், டோன் செவெரினோ. எவனோ சொல்லியிருக்கான்.”

“அதுக்குச் சாட்சியம் வேணும், ஜெனரல்.”

“அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க. தேடுங்க.”

ஜூன் 15, செவ்வாய்

ஒன்பது பேரையும் அடக்கம் செய்தோம். பாறை நிலம், குழிகளுக்கு உரிய ஆழம் கிடைக்கவில்லை. கர்னல் ருபெர்தோ தம்பியின் குழியருகே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஒம்போது பேரைப் பொதைச்சாச்சு. பத்தாவது ஆளு இந்த முகாமுக்குள்ளயே உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருக்கான். அவன் எவன்னு தெரியற வரைக்கும் நான் தாடி மழிக்கப் போறதில்ல.”

பிறகு என்னிடம் வந்து, நான்காம் விதியின்படி முகாம் முழுவதையும் சோதிக்க வேண்டுமென்று எழுத்தில் கோரினார். கோரிக்கை முறையானது, ஏற்றுக்கொண்டேன்.

நான்காம் விதியை வரைந்தவன் நானே. செதுலா என்பது ஸ்பானிய அரசு ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் வழங்கும் அடையாளச் சீட்டு. அது கையில் இல்லாதவர் அவர்களுடைய சாலையில் நடக்கவோ பாலத்தைக் கடக்கவோ இயலாது. புரட்சியில் சேர்பவர் அதை ஊர் பார்க்கக் கிழித்தெறிவது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் கிழிக்காத செதுலாவோடு முகாமில் இருப்பவர் எவராயினும் ஒற்றராகக் கருதப்பட்டுச் சுடப்படுவார் என்பதே விதி. விதிவிலக்கு எதுவும் சேர்க்க வேண்டாமென்று ஜெனரலை வற்புறுத்தியவனும் நானே. ஸ்பானியர் விசாரிக்காமல் சுடுகிறார்கள். நாங்கள் விசாரித்த பின்பே சுடுகிறோம். அந்த வேறுபாட்டைக் காப்பது என் பணி.

ஜூன் 16, புதன்

சோதனை தொடங்கியது. முதல் நாளில் நூற்றிருபது பேரின் மூட்டைகள் பார்க்கப்பட்டன. எதுவும் இல்லை.

அதிகாரிகளின் உடைமைகளைச் சோதிக்க வேண்டுமா என்று ஒரு கேப்டன் கேட்டார். வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். அதிகாரிகள் பதவியேற்கும்போது உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள்; உறுதிமொழி இருக்கும் இடத்தில் சோதனை தேவையில்லை. இந்த விளக்கம் சட்டப்படி சரியானது. கேப்டனும் மறுப்புச் சொல்லவில்லை.

நாட்குறிப்பின் பின்னட்டைத் தையல் ஈரத்தில் விலகியிருந்தது. மாலையில் ஊசி நூல் வாங்கிச் சரிசெய்தேன்.

ஜூன் 17, வியாழன்

காலை எட்டரை மணிக்கு, சமையல் குடிசையில், பசிலிசா என்ற பெண்ணின் வெற்றிலைக் கூடையின் அடியில் இந்த ஆண்டுக்குரிய செதுலா ஒன்று கிடைத்தது. கிழிக்கப்படாதது.

மூத்த பெண் என்பதால் எல்லோரும் அவரை ‘அலிங் பசிலிசா’ என்று அழைப்பார்கள். வயது நாற்பத்தாறு. வெற்றிலை விற்கும் சாக்கில் வாரந்தோறும் ஆற்றுக்கு அப்பாலுள்ள சான்தா மோனிகாவுக்குள் நுழைந்து காய்ச்சலுக்கான கொய்னா மருந்தும் செய்தியும் கொண்டுவருபவர். அது நான் இருபத்திரண்டு ஆண்டுகள் நோட்டரியாக இருந்த ஊர். பிப்ரவரியில் ஒன்பது நாட்கள் எங்கள் வசம் இருந்தது. இப்போது ஸ்பானியரிடம் இருக்கிறது.

ஜெனரலின் குடிசைக்கு முன்னால் பசிலிசாவை விசாரித்தேன்.

“இது உங்களுதா?”

“இல்ல. கவர்னர் துரையோடது. துவைக்கக் குடுத்திருந்தார்.”

சிரித்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டேன்.

“ஏப்ரலுக்கு அப்புறம் இதை வெச்சிருந்தா என்ன தண்டனைன்னு தெரியுமா?”

“தெரியும், நோட்டரி ஐயா. இது இல்லாம பாலத்துல கால் வெச்சா என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியுமா? நாப்பது பேரு காய்ச்சல்ல கெடக்கானுங்க. அவனுங்க முழுங்குற கொய்னா என்ன, ஆத்துல நீந்தியா வந்துச்சு?”

“நீங்க கீழ்த்துறை வழியா படகுல போறதாத்தான் பதிவேட்டுல இருக்கு.”

“பதிவேட்டுல இருந்தா வெள்ளம் வடிஞ்சிருமா? அந்தப் படகு ஈஸ்டருக்கே முழுகிப்போச்சு.”

கர்னல் ருபெர்தோ முன்னே வந்தார். “அப்ப ஒம்போது பேரு வர்ற நேரத்தையும் இந்தச் சீட்டைக் காட்டித்தான் வித்தியா?”

பசிலிசா அவரை ஏறிட்டுப் பார்த்தார். குரல் தணிந்தது. “உன் தம்பி என் கையால சாப்பிட்டவன், ருபெர்தோ. அவன் மேல சத்தியமாச் சொல்றேன். எவனும் காட்டிக் குடுக்க வேண்டிய அவசியமே இல்ல. ஒவ்வொரு திங்களும் காலைல ஆறு மணிக்கு நீங்க அந்தத் துறையில நிப்பீங்கன்னு ஊருல மேயுற எருமைக்குக்கூடத் தெரியும்.”

அரிசிக் குழுவின் கால அட்டவணை என்னால் தயாரிக்கப்பட்டது. அது இந்த வழக்குக்குத் தொடர்பற்றது.

ஜெனரல் விசாரணை முழுவதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பலகையில் அமர்ந்திருந்தார். 

ஜூன் 18, வெள்ளி

நாள் முழுவதும் மழை. விதிகளுக்குப் புதிதாக ஒரு நகல் எழுதினேன்.

ஜூன் 19, சனி

மதியம் ஜெனரல் அழைத்தார். காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. குடிசைக்குள் ஏழடி இந்தப் பக்கம், ஏழடி அந்தப் பக்கம் என்று அளந்து நடந்துகொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

“அவ எப்படிப் பாலத்தைத் தாண்டுறான்னு நான் ஒருநாளும் கேக்கல, டோன் செவெரினோ. கேட்டா பதில் தெரிஞ்சிருமேன்னு கேக்கல.”

“உங்களுக்கு மன்னிக்கிற அதிகாரம் இருக்கு, ஜெனரல். பதிமூணாம் விதி.”

“மன்னிச்சா? மே மாசம் அந்த இலாகன் பசங்களைச் சுட்டோமே. இஸ்கோவும் மாத்தியோவும். இதே குத்தம்தானே? தொப்பி மடிப்புல செதுலாவை வெச்சிருந்தானுங்க. அறுவடைக்கு அம்மாகிட்டப் போய்ட்டு வந்துடுறோம்னு அழுதானுங்க. நீங்க விதியைப் படிச்சீங்க. நான் கையெழுத்துப் போட்டேன். அவனுங்களுக்குக் குண்டு, எனக்கு மருந்து கொண்டார்றவளுக்கு மன்னிப்புன்னா, நாளைக்கு எவன் என் பின்னாடி வருவான்? மன்னிப்பு வேணாம். சட்டத்துக்குள்ளயே ஒரு வழி கண்டுபிடிங்க.”

“வழி இல்ல, ஜெனரல்.”

“எல்லாப் பக்கமும் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன்.”

அவர் நடப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “அந்தச் சின்னவன் மாத்தியோ இருக்கானே, சுடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு கேட்டான். ‘சட்டம்னா அது எல்லாருக்கும்தானே, ஜெனரல்?’னான். ஆமாண்டான்னேன். சரின்னு தலையாட்டினான். அதான் அவனைச் சுட முடிஞ்சுது.”

குடிசைக்குத் திரும்பிப் பதினாறு விதிகளையும் படித்தேன். ஒன்பதாம் விதியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

ஜூன் 21, திங்கள்

இராணுவ நீதிமன்றம் காலை ஒன்பதுக்குக் கூடியது. நீதிபதிகள் மூவர். கர்னல் ருபெர்தோ நீதிபதியாக அமர விரும்பினார். இறந்தவரின் அண்ணன் சார்பற்றவராக இருக்க இயலாதென்று கூறி அவரை விலக்கினேன். அவர் காறித் துப்பிவிட்டு வெளியே போய் நின்றார். சார்புடைய எவரும் நீதிமன்றத்தில் பங்கேற்கலாகாது. இதில் நான் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

குற்றம் சாட்டுவோர் எடுக்க வேண்டிய உறுதிமொழியை நான் எடுத்தேன். ஒன்பதாம் விதியில் அதன் வாசகம் இவ்வாறு: ‘பிறர்மேல் நான் சாட்டும் இக்குற்றத்திலிருந்து நான் முற்றிலும் நீங்கியவன், இது பொய்யாயின் என் வழக்கு வழக்கன்று, இதன் தீர்ப்பு தீர்ப்பன்று.’ ஸ்பானியருடைய எந்த நீதிமன்றத்திலும் இத்தகைய உறுதிமொழி கிடையாது. நமது நீதி அவர்களுடையதைவிடத் தூய்மையாக இருக்க வேண்டுமென்று மார்ச்சில் நானே சேர்த்தேன். அப்போது ஜெனரல், “இவ்வளவு கடுமை வேணுமா?” என்று கேட்டார். வேண்டும் என்றேன். இன்று இரண்டாம் பாதியை மெதுவாகவே சொன்னேன்.

பசிலிசா தன் தரப்பில் ஒரே வாக்கியம் சொன்னார். “நான் அதை வெச்சிருந்தது உண்மை. எதுக்குன்னு இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும். வேற என்ன சொல்ல?”

மூன்று நீதிபதிகளும் குற்றவாளி என்றனர். மூத்தவர் தீர்ப்பைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. வியாழக்கிழமை புனித யோவான் திருநாள். திருநாளில் தண்டனை கூடாது. ஆகவே வெள்ளி காலை ஏழு மணி.

ஜூன் 22, செவ்வாய்

தீர்ப்பின் நகலை விதிப்படி நேரில் கொடுக்கச் சென்றேன். காவல் குடிசையில் பசிலிசா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். காவலாளிகளுக்கும் மடித்துக் கொடுத்திருந்தார். நகலை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல கையெழுத்து. என் பேரு எங்க இருக்கு?”

காட்டினேன்.

“இவ்வளவு நீளமா? அழகாத்தான் இருக்கு.” பிறகு கேட்டார்: “உங்க வீட்டைப் பத்தி நீங்க என்கிட்டக் கேக்கவே இல்லையே, நோட்டரி ஐயா. எல்லாரும் அவங்கவங்க வீட்டைப் பத்திக் கேப்பாங்க.”

 அவரே சொன்னார்.

“பூட்டு அப்படியே இருக்கு. மத்தவங்க வீட்டையெல்லாம் ஸ்பானியன் கொளுத்திட்டான். உங்க வீட்டு மேல கை வைக்கல. பேர்ப்பலகையக்கூட எவனோ துடைச்சு வெச்சிருக்கான். உங்களை நாங்க பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டோம்னுதான் அவன் நெனைச்சுக்கிட்டிருக்கான். சண்டை முடிஞ்சதும் நீங்க திரும்பி வந்து மேசையில உக்காந்துக்கலாம்.”

“பத்திரத் தொகுதிகள்?” என்று கேட்டுவிட்டேன்.

“அதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியா அலமாரி தெரியுது. நெறையப் புஸ்தகம் இருக்கு.” வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். “மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு? நல்ல சேதிதானே சொன்னேன்?”

ஒப்புகைக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஜூன் 23, புதன்

கொய்னா தீர்ந்துவிட்டது. இருவர் இறந்தனர். சுடும் குழுவுக்கு ஆறு பேரை நியமிக்கும் உத்தரவை எழுத வேண்டும். எழுதவில்லை.

ஜூன் 24, வியாழன், புனித யோவான் திருநாள்

இந்நாளில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவது எங்கள் மக்களின் வழக்கம். மழையில் நனைந்து கிடக்கும் முகாமிலும் அதை விடவில்லை. காய்ச்சல்காரர்களைத் தவிர அனைவரும் குடுவைகளோடு ஓடினார்கள். சிலர் காவல் குடிசைக்குப் போய்ப் பசிலிசாமேல் ஒரு குடுவை ஊற்றிவிட்டு, என்ன செய்தோமென்று உணர்ந்து அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்தான் சிரித்துக்கொண்டு, “அடுத்த வருஷத்துக்குமா சேத்து ஊத்துங்கடா,” என்றார். ஒருவன் அழுதான்.

என்மேல் ஒருவரும் ஊற்றவில்லை.

இதற்குமேல் இந்தக் குறிப்பேட்டில் முறையாக எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பிப்ரவரி ஒன்பதாம் நாள், சான்தா மோனிகா சதுக்கத்தில் இருநூறு பேர் செதுலாவைக் கிழித்தபோது நானும் ஒரு தாளைக் கிழித்தேன். அது ஒரு வெற்றுப் படிவம். என் செதுலா ஜனவரி முதல் வாரத்தில் புதுப்பிக்கப்பட்டது; ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே புதுப்பித்துவிடுவது என் பழக்கம். அது முழுமையாக இந்தக் குறிப்பேட்டின் பின்னட்டைக்குள் தைக்கப்பட்டிருக்கிறது.

முத்திரையிட்ட ஆவணத்தைக் கிழிக்கக் கை வரவில்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லி வந்தேன். அது உண்மையன்று. நீதிமன்றத்தில் வேறொருவர் இக்காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் இரண்டே கேள்விகளில் உடைத்திருப்பேன். நாம் தோற்றுவிட்டால் திரும்பிப் போய் என் மேசையில் உட்காருவதற்காக வைத்திருந்தேன்.

அடுப்பு ஆறடி தூரத்தில் எரிகிறது. தையலைப் பிரித்துத் தாளை அதில் இட்டால் அறிவார் எவருமில்லை. பசிலிசா நாளை ஏழு மணிக்கு இறப்பார். காட்டினால் ஒன்பதாம் விதியின்படி என் உறுதிமொழி பொய், என் வழக்கு வழக்கன்று, அவர் பிழைப்பார். ஜெனரல் தேடிய வழி இதுதான். சனிக்கிழமையே எனக்குத் தெரியும்.

ஆனால் மே மாதத்திலும் நான் அதே உறுதிமொழியை எடுத்தேன். அந்த வழக்கை மட்டும் தனியே பிரித்து வைக்க எந்த விதியும் இடம் தரவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 25, வெள்ளி

காலை ஐந்தரைக்கு ஜெனரலின் குடிசைக்குச் சென்றேன். விழித்திருந்தார். மேசைமேல் செதுலாவை விரித்து வைத்தேன். அவர் விரலை வைத்துப் பெயரைப் படித்தார். படித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று. செவெரினோ லுவான்சிங் என்பது சிறிய பெயர்தான்.

“எங்க கெடைச்சுது?”

“என்கிட்டதான், ஜெனரல். கிழிக்கவே இல்ல.” ஒன்பதாம் விதியைச் சொன்னேன். விசாரணை செல்லாது, பசிலிசாவை விடுவிக்க வேண்டும், என்மேல் வேறொரு சட்ட அலுவலர் குற்றம் சாட்ட வேண்டும் என்றேன்.

அப்போது கர்னல் ருபெர்தோ உள்ளே வந்தார். “ஆறு பேரும் ரெடி. அவளைக் கூட்டிட்டு வரலாமா?”

“விசாரணையே நடக்கலையாம், ருபெர்தோ,” என்றார் ஜெனரல், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கர்னல் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். “என்னைச் சார்புடையவன்னு வெளியில நிறுத்துனியேடா! நீ! என்னை!”

“அது சரியான முடிவுதான், கர்னல்,” என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை அறைந்தார். இரண்டாம் முறை அறைவதற்குள் ஜெனரல் எழுந்து நின்றுவிட்டார்.

“விடு அவரை.” பிறகு என்னிடம், “மே மாசம்?”

“அதுவும் செல்லாது, ஜெனரல்.”

“செல்லாதுன்னா என்ன?”

“இஸ்கோவுக்கும் மாத்தியோவுக்கும் தீர்ப்புன்னு ஒண்ணு இல்ல. அவங்க தண்டிக்கப்பட்டவங்க இல்ல.”

“அப்ப நான் அவனுங்களை என்ன பண்ணினேன்?”

நான் மேசைமேலிருந்த தாளை மடிக்கப் போனேன், அவர் அதன்மேல் கை வைத்தார்.

“சட்டம் படிச்சவர்தானே. அதுக்குப் பேரு இருக்குமில்ல. சொல்லுங்க.”

சொன்னேன். ஒரே சொல். அவர் கேட்டதால் சொன்னேன்.

அவர் மறுபடி உட்கார்ந்தார்.  வெளியே மணி ஏழைத் தாண்டியது. ஆறு பேரும் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கலைந்து போகச் சொல்ல வேண்டுமென்று எங்கள் மூவரில் எவருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 26, சனி

பசிலிசா இருந்த குடிசையில் என்னை வைத்திருக்கிறார்கள். வெற்றிலை வாசம் இன்னும் போகவில்லை. என்மேல் தயாரித்த குற்றப்பத்திரிகையைக் காட்டினார்கள். தேதி தவறாக இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

மாலை நான்கு மணிக்கு ஜெனரல் தனியே வந்தார். தாளும் மையும் கொண்டுவந்திருந்தார்.

“உங்களைச் சுட்டா இன்னிக்கே எனக்கு நல்லாத் தூக்கம் வரும், டோன் செவெரினோ. பழி உங்களுதுன்னு சொல்லிட்டு நான் கையைக் கழுவிக்கலாம். ருபெர்தோவும் அதைத்தான் கேக்குறான். அதனாலதான் சுடப் போறதில்ல. எழுதுங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இலாகன் சகோதரர்களின் தாய் கிரெகோரியாவுக்குக் கடிதம். ‘உங்கள் மக்கள் துரோகிகள் அல்லர். பொய் உறுதிமொழியின்மேல் வழக்கு நடத்தியவன் செவெரினோ லுவான்சிங். சுட உத்தரவிட்டவன் நான். நான்காம் விதியை இன்று நீக்கிவிட்டேன். போர் முடிந்து நான் உயிரோடிருந்தால் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பேன். என்னை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யலாம்.’ இடையில் ஒரு முறை, “இதுக்கெல்லாம் விதியில இடம் இல்ல, ஜெனரல்,” என்றேன். “தெரியும். எழுதுங்க,” என்றார். தாமே கையெழுத்திட்டார்.

“யார் கொண்டு போறது?” என்று கேட்டேன்.

“பாலத்தைத் தாண்ட செதுலா வேணும். இந்த முகாம்ல அது ரெண்டு பேருகிட்டதான் இருக்கு.” மேசையிலிருந்து எடுத்துச் சென்ற என் தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். “பசிலிசா கூட வருவா. அந்தப் பக்கம் போனதும் உங்க வீட்டுக்குப் போகணும்னா போங்க. பின்னாடி ஆள் அனுப்ப மாட்டேன். கடிதத்தை மட்டும் முதல்ல குடுத்திருங்க.”

வாயிலில் நின்று திரும்பினார். “கடிதத்தோட மாட்டினா ஸ்பானியன் விசாரிக்க மாட்டான். அது உங்களுக்கே தெரியும்.”

ஜூன் 28, திங்கள். சான்தா மோனிகா

குறிப்பேட்டை முகாமில் விட்டுவந்தேன். இதைத் தனித்தாளில் எழுதுகிறேன். பசிலிசா கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

காலை எட்டு மணிக்குப் பாலத்தைக் கடந்தோம். கடிதம் என் இடது காலணிக்குள். காவல் சார்ஜண்ட் என் செதுலாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அது மேல்வகுப்புச் சீட்டு. “நோட்டரி ஐயாவை விட்டுட்டாங்களா? கடவுளுக்கு நன்றி,” என்றான். பசிலிசாவின் கூடையைக் குத்திக் கிளறினான். அப்பால் வந்ததும் அவர், “எனக்கு ஒருநாளும் எந்திரிச்சு நின்னதில்ல அந்தப் பன்னி,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 

என் தெருமுனையைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. பசிலிசா நின்றார். நான் நிற்கவில்லை.

கிரெகோரியா காவல்படையினருக்குத் துணி துவைத்துப் பிழைக்கிறார். முற்றம் முழுவதும் அவர்களுடைய சீருடைகள் தொங்குகின்றன. கடிதத்தைக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதென்றார். படித்தேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார், படித்தேன்.

“அதுல வர்ற அந்த செவெரினோ யாரு?”

“நான்தான்.”

கையிலிருந்த ஈரச் சட்டையை முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் வற்றிய பின்னும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகுதான் பேசினார். அழவில்லை.

“காட்டிக்குடுத்தவனுங்களோட அம்மான்னு ஒருத்தரும் என்கூடப் பேசுறதில்ல. எம் புள்ளைங்களுக்கு ஒம்போது நாள் ஜெபம் வெச்சேன். ஒம்போது நாளும் நான் ஒருத்தியேதான் உக்காந்திருந்தேன். இதை எனக்கு மட்டும் படிச்சா எனக்கு என்ன ஆகப் போவுது? எனக்குத் தெரியாததா? ஊருக்குப் படிங்க. இங்கயே. முற்றத்துல நின்னு.”

“பத்து மணிக்குத் துணி வாங்கச் சிப்பாய்ங்க வருவாங்களே, அக்கா,” என்றார் பசிலிசா.

“வரட்டும். எம் புள்ளைங்களைச் சுடுறப்ப யாரு வர்றாங்க போறாங்கன்னு இந்த ஐயாவோட ஆளுங்க பாத்தாங்களா?”

கிரெகோரியா அண்டை வீட்டாரை அழைக்கப் போயிருக்கிறார். இப்போது ஒன்பதே முக்கால். பசிலிசா, “பின்பக்கம் வேலி இல்ல. உங்க வீட்டுக்கு மூணே தெரு,” என்றார். கேட்டுக்கொண்டேன். இந்தத் தாளை முடித்ததும் வாங்கிக்கொண்டு உடனே புறப்படும்படி அவரிடம் சொல்லிவிட்டேன். கொய்னா வாங்க வேண்டும், நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு கிழவர் வந்து வேலியோரம் நின்றார். இப்போது பதினேழு பேர் இருக்கிறார்கள். சிலர் உட்காரப் பலகை கொண்டுவந்திருக்கிறார்கள். கிரெகோரியா சீருடைகளைக் கொடியின் ஒரு பக்கமாக ஒதுக்கி எனக்கு நிற்க இடம் செய்கிறார். பின்வரிசைக்கும் கேட்க வேண்டும், உரக்கப் படியுங்கள் என்கிறார்.